குசினிக்கும் ஹோலுக்கும் நடுவே ஜுமானா

வீட்டோடு மாப்பிள்ளை என்றால் வேறு ஊர்களில் அது ஏச்சு. எங்கள் கிண்ணியாப் பக்கத்தில் அது வெறும் செய்தி. இங்கே வாப்பாமார் வீடு கட்டுவது பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை நிக்காஹ் முடிந்ததும் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சேருவான். என் வாப்பா அப்படித்தான் போனார், அவருடைய வாப்பாவும் அப்படித்தான். ஆகவே கிண்ணியாப் பாலத்துக்குக் கிட்ட ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் றுவைஸ் என்கிற நான், குறிஞ்சாக்கேணியில் ஜுமானாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனபோது ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்சாதி இல்லாத பெண்சாதி வீட்டில் மாப்பிள்ளையாக இருக்கத் தொடங்கிய பிறகுதான் பார்த்தார்கள். அப்படி ஒருவன் இந்த மாவட்டத்திலேயே நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஜுமானா அவுஸ்திரேலியாவில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஒலியைவிட ஆறேழு மடங்கு வேகத்தில் பறக்கும் விமானத்துக்கான எஞ்சின் பற்றிய படிப்பு. ரொக்கட்டா என்று கேட்டு என் கோபத்தைக் கிளப்பாதீர்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. ரொக்கட் தனக்கு வேண்டிய ஒட்சிசனையும் தானே சுமந்துகொண்டு போகிறது. இவளுடைய எஞ்சின் எதையும் சுமக்காது, எதிரே வரும் காற்றை விழுங்கி அதிலேயே எரியும். அதற்குள் விசிறி இல்லை, சுற்றுகிற சாமான் ஒன்றுமே இல்லை. வருகிற வேகத்திலேயே காற்று நெருங்கிச் சூடாகிவிடும்.

அவள் இதில் விழுந்த கதை சின்னது. சீனன்குடாவில் இருந்து கிளம்பும் பயிற்சி விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் வட்டம் போடும். எங்களுக்கு அது காகம் பறக்கிற மாதிரி. ஜுமானா மட்டும் கொடியில் துணி காயப்போடுவதைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணாந்து நிற்பாளாம். மூக்கில் சுற்றுகிற அந்த விசிறி எதற்கு, அது இல்லாமல் பறக்க ஏலாதா என்று தன் வாப்பாவைக் கேட்பாளாம். அவளுடைய வாப்பா பக்கீர் ஒரு மேசன். அவருக்குத் தெரிந்தது கல்லும் சீமெந்தும். நீ படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்லு என்று சொல்லியிருக்கிறார். பொறியியல் பீடத்தில் மூன்றாம் வருஷம், விசிறியே இல்லாத எஞ்சின் ஒன்று உண்டு என்று அவள் கண்டுபிடித்தாள். ஊருக்குப் போய் வாப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று விடுமுறைக்காகக் காத்திருந்தாள். விடுமுறைக்கு முன்பே அவர் மௌத்தாகிவிட்டார். அவர் மகளுக்காகக் கட்டிய வீட்டில் நடைப்பக்கத்துச் சுவர் ஒன்று இன்னும் பூசாமலே இருக்கிறது.

பெண் பார்க்கப் போன அன்று அவள் என்னிடம் தேநீரை நீட்டிவிட்டு, தான் படிப்பை நிறுத்தப் போவதில்லை என்றும் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தனக்கே தெரியாது என்றும் சொன்னாள். நான் பெரிய மனது பண்ணித் தலையாட்டினேன். எனக்கென்ன, அவள் புத்தகத்தைப் பார்ப்பாள், நான் கடையைப் பார்ப்பேன் என்று நினைத்தேன். ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிக்கவில்லை.

கலியாணம் முடிந்த முதல் வருஷங்களில் அவள் திருகோணமலை நகரத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பித்துக்கொண்டே வீட்டில் கணக்குப் போட்டாள். ஹோல் மூலையில் கம்பியூட்டர். வீட்டில் இருந்த ஒரே நல்ல மின்விசிறி அதற்குத்தான், எனக்கு இல்லை. ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் அது நாள்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு, அவள் முகத்தைப் பார்க்க முடியாது. அதைவிட மோசம், அந்தக் கவலையைச் சொல்லவும் ஊரில் ஆள் இல்லை. நெல்லைப் பற்றிக் கதைக்கலாம், வலையைப் பற்றிக் கதைக்கலாம், வெளிநாட்டு வேலையைப் பற்றி விடிய விடியக் கதைக்கலாம். காற்று ஒலியைத் தாண்டி வந்து மோதும்போது என்ன ஆகும் என்று யாரோடு கதைப்பது? என்னிடம் சொல்லுவாள். நான் தலையாட்டுவேன். விளங்கித் தலையாட்டுகிறவன் யார், விளங்காமல் தலையாட்டுகிறவன் யார் என்று பெண்களுக்கு உடனே தெரிந்துவிடும். பாதியில் நிறுத்திவிட்டு, தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்பாள்.

ஒருநாள் மட்டும் எனக்கு விளங்கியது. அன்று அவள் படம் ஒன்றும் போடவில்லை, வீட்டையே கையால் காட்டினாள்.

"இந்த வீடுதான் எஞ்சின் எண்டு வைங்க. முன் ஹோல்தான் வாய், காத்து அதால வருது. பின்னால குசினி, அங்க நெருப்பு. ரெண்டுக்கும் நடுவில இருக்கிற நடைதான் என்ட படிப்பு."

நெருப்பு நன்றாக எரிந்தால் அது முன்பக்கமாகவும் தள்ளுமாம். அந்தத் தள்ளல் நடையைத் தாண்டி ஹோலுக்கு வந்துவிட்டால் வாசலில் வருகிற காற்று உள்ளே வராது. சோறு ஊட்டும்போது பிள்ளை துப்புகிற மாதிரி எஞ்சின் காற்றைத் துப்பிவிட்டு ஆகாயத்திலேயே செத்துப்போகும். நெருப்பைக் குறைத்தால் பறக்க ஏலாது. ஆகவே குசினியில் எவ்வளவு கொதித்தாலும் அது ஹோலுக்கு வராமல் நடை தாங்க வேண்டும். அது எவ்வளவு நீளம், எந்த வடிவம், எவ்வளவு நெருப்புவரை தாங்கும், இதுதான் அவள் ஆயுள் முழுக்கப் படிக்க ஆசைப்பட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் எங்கள் வீட்டு நடையில் உண்மையாகவே ஒரு திரை தொங்கிக்கொண்டிருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மைமூனா மாமி, ஜுமானாவின் உம்மா. இந்தக் காலத்தில் மாமிமார் மருமகனோடு சோபாவில் இருந்து டீவி பார்க்கிறார்கள். மைமூனா மாமி பழைய கட்டு. மாப்பிள்ளை என்றால் மரியாதை, மரியாதை என்றால் முன்னால் வராமல் இருப்பது. நான் ஹோலில் இருந்தால் அவர் குசினியில் இருப்பார். நான் கிணற்றடிக்குப் போனால் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்குவார். மீன் தலை எனக்குத்தான் வரும், பாலைப்பழக் காலத்தில் நல்ல பழம் எனக்குத்தான் வரும், பேச்சு மட்டும் வராது. சொல்ல வேண்டியதை ஜுமானாவிடம் சொல்லுவார், அவள் நடையைத் தாண்டி வந்து என்னிடம் சொல்லுவாள். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. ஜுமானா இருந்தாள், வீடு ஓடியது.

பிறகு அவுஸ்திரேலியாவில் படிக்கப் புலமைப்பரிசில் வந்தது. உம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவள் கேட்டாள். அவளுக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. நான் இருக்கிறேன்தானே, போய்ப் படித்துவிட்டு வாங்க என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது நான்தான். விமான நிலையத்துக்குப் போகிற வேனில் அவள் ஏறிய பிறகுதான் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் மாமியின் கால்கள் மட்டும் தெரிந்தன.

நீங்கள் கேட்கலாம், உம்மா வீட்டுக்கே போயிருக்கலாமே என்று. என் உம்மா வீடு கிண்ணியாவில்தான், சைக்கிளில் போகிற தூரம். ஆனால் கலியாணம் கட்டியவன் உம்மா வீட்டில் ஒரு இரவு படுத்து எழும்பினால் விடிவதற்குள் ஊர் தலாக் சொல்லிவிடும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. ஏற்கனவே எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று ஒரு வாய், பெண்சாதி குண்டு செய்யப் போயிருக்கிறாள் என்று இன்னொரு வாய். தேநீர்க் கடையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னிலும், உங்கட மனிசி ஏவுகணையா செய்யிறா என்று கேட்டார். உங்கட வாயைவிட வேகமா ஒண்டும் செய்ய ஏலாது காக்கா என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை, அன்று அவளிடமே கேட்டேன். அவள் கோபப்படவில்லை. இதை யார் எதற்கு எடுப்பார்கள் என்று தானும் யோசிக்காத நாள் இல்லை என்றாள்.

இனி எங்கள் வீட்டுக் கதைப் போக்குவரத்தைச் சொல்ல வேண்டும். கடையைச் சாத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வருவேன். மேசையில் சோறும் ஆணம் என்கிற குழம்பும் மூடி இருக்கும். அந்த நேரம் அவளுக்கு வேலை முடியும் நேரம். முதலில் குசினிக்கு எடுத்து உம்மாவோடு கதைப்பாள், பிறகு எனக்கு எடுப்பாள். நான் ஃபோனைத் தண்ணீர்ச் சாடியில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவேன்.

"உம்மா கேக்கிறா, நேத்து பாரை மீன் ஆணத்தில புளி கூடவா எண்டு."

"நல்லா இருந்தது எண்டு சொல்லுங்க."

நான் இதைச் சத்தமாகச் சொல்லுவேன். திரைக்குப் பின்னால் அகப்பைச் சத்தம் நின்று மறுபடி தொடங்கும். மாமிக்குக் கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஜுமானா அங்கே இருந்து மறுபடி உம்மாவுக்கு எடுத்து, நல்லா இருந்ததாம் என்று சொன்னால்தான் அந்தக் கதை முடியும். பத்தடி தூரத்தில் இருக்கிற குசினியில் இருந்து ஹோலுக்கு வர ஒரு புளிக் கதை கடல் தாண்டிப் போய் வந்தது. ஒலியை முந்துகிற எஞ்சின் செய்கிறவளுக்கு இது ஒரு வேலையா என்று கேட்டுச் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இங்க என்ட படிப்பை விளங்கிற ஆக்கள் நிறைய. ஆனா எனக்குப் புளி பிடிக்குமா பிடிக்காதா எண்டு ஒருத்தருக்கும் தெரியா. நீங்க ரெண்டு பேரும் கதைக்காம இருக்கிறதுதான் எனக்கு ஒரு வேலை. அதை விட்டுராதீங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற நேரங்களில் வீடு அப்படியே கிடக்கும். அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி முற்றத்தில் கூட்டுகிற சத்தம், நான் ஹோலில் கதிரையை இழுக்கிற சத்தம், அவ்வளவுதான். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர், இரண்டு பேரும் தனி. சில நாள் கடையில் வாடிக்கையாளர் போன பிறகும் பல்பை ஹோல்டரில் போட்டு எரியவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன், வீட்டுக்குப் போக மனமில்லாமல்.

நாலாவது வருஷம் அவள் எஞ்சினுக்குப் பரீட்சை வந்தது. உண்மையான எஞ்சின் இல்லை, ஒரு கை நீளத்துக்கு மாதிரி. அதை ஒரு பெரிய குழாய்க்குள் பொருத்தி, அந்த வேகத்தில் காற்றை அடித்து, ஐதரசன் வாயுவை விட்டுப் பற்றவைப்பார்கள். அந்தக் காற்று கண் இமைக்கிற நேரம்கூட நிற்காது. அதற்குள் நெருப்புப் பிடிக்க வேண்டும், பிடித்தது நடையைத் தாண்டாமல் நிற்க வேண்டும். இதற்கா நாலு வருஷம், என் கடையில் பல்ப் எரித்துக் காட்டுகிறதே இதைவிட நேரம் எடுக்குமே என்றேன். முதல் இரண்டு தடவையும் நெருப்பு நடையைத் தாண்டி வாய்க்கு வந்து, மாதிரி எஞ்சின் காற்றைத் துப்பிவிட்டது. நடையின் வடிவத்தை மாற்றிக் கடைசியாக ஒரு கிழமை கேட்டு வாங்கியிருந்தாள். அதற்குப் பிறகு அந்தக் குழாய் வேறு ஆட்களுக்கு.

"இந்தமுற நிண்டுச்செண்டா எழுதி முடிச்சுட்டு வந்துருவன்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அந்த நெருப்பும் அவளும் ஒன்றுதான். ஐந்து வேளையும் துஆவில் கேட்டேன். ஐதரசனுக்குத் துஆக் கேட்ட ஹாட்வெயார்க்காரன் நானாகத்தான் இருப்பேன்.

அந்தக் கிழமை ஃபோனைப் பரிசோதனை அறைக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், மதியம் எடுக்க மாட்டேன், முடிந்தால் ஒரு வொய்ஸ் போடுவேன் என்று சொல்லிவைத்திருந்தாள். நானும் மாமியும் எங்கள் பாட்டில் விடப்பட்டோம்.

முதல் நாள் மதியம் மீன் ஆணத்தில் உப்பே இல்லை. மாமியின் கையில் அப்படி நடந்ததே இல்லை. பாதியை மிச்சம் வைத்துவிட்டுப் போனேன். ஏன் மிச்சம் என்று கேட்க ஜுமானா இல்லை, உப்பில்லை என்று சொல்லவும் ஜுமானா இல்லை. அடுத்த நாள் மேசையில் சோறும் பருப்பும் மட்டும் இருந்தன. மிச்சம் வைத்ததற்கு மாமி முகத்தைத் திருப்பிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் ரோசம் இருக்கிறதே! மூடியைத் திறந்த கையோடு மூடிவிட்டுப் போய்க் கிண்ணியாவில் கடையில் சாப்பிட்டேன். மறுநாள் வீட்டுக்கே வரவில்லை. மாப்பிள்ளைக்கு மீன் வைக்காத வீட்டில் மாப்பிள்ளை எதற்கு என்று கடைக் கதிரையில் இருந்து எனக்குள்ளேயே பொருமிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வளவில் இருக்கும் அம்ரா பின்னேரம் கடைக்கே வந்துவிட்டாள். அவள் ஜுமானாவின் சாச்சி மகள். மாமியை அவள் பெரியும்மா என்பாள். பொருள் வாங்க வந்தவர்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

"மச்சான், பெரியும்மா காய்ச்சலோட எழும்பி எழும்பி உங்களுக்கு உலை வைக்கிறா. வச்சது அப்பிடியே கிடக்கு. மாப்பிள்ளைக்கு என்ன கோவமோ எண்டு அழுறா. என்ன மச்சான் கோவம் உங்களுக்கு?"

காய்ச்சல் வந்த வாய்க்கு உப்பு எப்படித் தெரியும்! மீன்காரனிடம் போக மனிசிக்குக் கால் எங்கே! இதைக் கேட்க ஒரு திரையைத் தூக்கியிருந்தால் போதும். ஜுமானா எடுத்துச் சொல்லுவாள் என்று அவர் குசினியிலும் நான் கடையிலும் காத்துக்கிடந்திருக்கிறோம்.

கலியாணம் கட்டி அந்த வீட்டுக்குப் போன பிறகு அன்றுதான் நடையைத் தாண்டிக் குசினிக்குள் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தார். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுக்கக் கை போனது, பாதி வழியில் விழுந்துவிட்டது. உடம்பு கொதித்தது. நானும் அம்ராவும் தாங்கி ஓட்டோவில் ஏற்றினோம். மாமியின் தலை என் தோளில் கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரத்தத்தில் அணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன, அடுத்த இரண்டு நாள்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். பெண்கள் வார்டு, பார்வையிடும் நேரத்துக்குத்தான் என்னை விட்டார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அம்ரா தண்ணீர் எடுக்கப் போனாள். மாமி கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தார். இதுவரை என்னை மாப்பிள்ளை என்று மூன்றாம் ஆளாகத்தான் சொல்லிவந்தவர்.

"மகன்" என்றார். "பிள்ளைக்குச் சொல்லிராதீங்க."

"மாமி, அவவுக்குத் தெரியாம எப்பிடி..."

"சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவா. ஆக்கப் பொறுத்தது, ஆறப் பொறுக்க ஏலாதா? அவட நெருப்பு முடியட்டும் மகன்."

பார்வையிடும் நேரம் முடிந்து வெளியே மர வாங்கில் வந்து உட்கார்ந்தேன். ஃபோன் கையில். சொல்லக் கூடாது என்று அவர் சொன்னதே என் நெஞ்சுக்குள் ஒரு கதவைத் திறந்துவிட்டது. ஒரு வொய்ஸ் போட்டால் அவள் நாளைக்கே விமானம் ஏறுவாள். நியாயமான காரணம், ஒருவரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். வீட்டு வாசலில் அவள் செருப்புக் கிடக்கும். யா அல்லாஹ், அந்தச் செருப்பைக் காண எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! இன்னொரு பக்கம், உம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் என்னை வாழ்நாள் முழுக்க மன்னிக்க மாட்டாள். அப்படி இருந்துகொண்டிருக்கும்போதே அவளுடைய வொய்ஸ் வந்தது. நாளைக்குத்தான் கடைசி, உம்மாவைத் துஆச் செய்யச் சொல்லுங்க என்று. பின்னால் யாரோ இங்கிலீஷில் சிரிக்கிற சத்தம். அவள் குரல் மெலிந்திருந்தது. உம்மா உங்களுக்காகத்தான் துஆச் செய்கிறா என்று எழுதினேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த நாள் மாமிக்கு அணுக்கள் இன்னும் இறங்கின. அதற்கடுத்த நாள் நின்றன, பிறகு மெல்ல ஏறின. பார்வையிடும் நேரங்களில் நாங்கள் இருவரும் கதைக்கப் பழகினோம். முதலில் அவர்தான் தொடங்கினார்.

"அண்டைக்கு ஆணத்தில உப்பில்லையா?"

"இல்ல மாமி."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்ல."

அவர் சிரித்தார். முன்வரிசையில் ஒரு பல் இல்லை. இத்தனை வருஷமாக அந்த மனிசியின் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு கதை வெள்ளம்போல வந்தது. பக்கீர் மாமா அந்த நடைச் சுவரைப் பூசாமல் விட்டது, ஜுமானா சின்ன வயதில் விசிறி பற்றிக் கேட்ட கேள்விகள், அவள் போன பிறகு குசினியில் தனியாக இருந்து அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தது. நானும் சொன்னேன், கடையில் பல்பை எரியவிட்டுக்கொண்டு இருந்ததை. அடுத்த கட்டில்காரி, உங்கட மகனா என்று கேட்டாள். மாமி ஓம் என்றார்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே திரையை மாமி கழற்றித் தோய்க்கப் போட்டுவிட்டார். மதியம் மேசையில் எனக்கு எதிரே கதிரையில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஆக்கியது அம்ரா. ஃபோன் அடித்தது.

ஜுமானாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நிண்டுச்சு" என்றாள். "நெருப்பு பிடிச்சு, நடையில நிண்டுச்சு. வாய்க்கு வரவே இல்ல. எல்லாக் கணக்கையும் ரெண்டு மூணு தரம் பாத்துட்டுத்தான் எடுக்கிறன். உம்மாக்கிட்ட சொல்லுங்க, வாப்பா கேட்டதுக்கு..."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கன் மகள்" என்றார் மாமி.

நான் ஃபோனைத் திருப்பினேன். நாங்கள் இருவரும் ஒரே திரையில் அவளுக்குத் தெரிந்தோம். அவள் வாயைத் திறந்தபடி இருந்தாள். மாமி மெலிந்திருந்ததைக் கண்டாள், கையில் ஊசி குத்திய கறுப்பைக் கண்டாள். எல்லாவற்றையும் சொன்னோம். தன் உம்மா சாகக் கிடந்ததைத் தனக்குச் சொல்லவில்லையே என்று என்னைத் திட்டினாள், நன்றாகத் திட்டினாள், நான் வாங்கிக்கொண்டேன். அழுது முடித்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் இப்ப நேர கதைக்கிறீங்களா?"

"ஓம்" என்றோம், ஒரே நேரத்தில்.

நல்லது என்றாள். சிரிக்கப் பார்த்தாள். அவளிடம் இருந்து எதையோ பிடுங்கிவிட்ட மாதிரி எனக்கு வலித்தது. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே வேலை அதுதான்.

அதற்குப் பிறகுதான் மற்றதைச் சொன்னாள். நெருப்பு நின்றதால் அடுத்த மாதிரியை, இதைவிடப் பெரியதை, அவளையே செய்யக் கேட்கிறார்கள். பட்டம் முடிந்த பிறகு அங்கேயே வேலை, பல வருஷம். இன்னும் ஓம் என்று சொல்லவில்லை, நீங்க சொல்லுங்க என்று என்னைப் பார்த்தாள். என் கையில் சோறு அப்படியே நின்றது. நெருப்பு நின்றால் வருவாள் என்றுதான் ஐந்து வேளையும் கேட்டேன். நெருப்பு நின்றதால்தான் இனி வரமாட்டாள். மாமிதான் கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு ஃபோனுக்குக் குனிந்தார்.

"ஓம் எண்டு சொல்லு மகள். இவர் வருவார்."

நான் யோசித்துச் சொல்லுகிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். மாமி என்னை விடவில்லை.

"பொம்புள எங்கயோ மாப்பிள்ள அங்க. இதானே எங்கட வழமை? இது அவட வீடுதான், ஆனா அவ இங்க இல்லையே. நீங்க இங்க இருந்து என்ன செய்யிற?"

"நீங்களும் வாங்க மாமி."

"இது அவர் கல்லுக் கல்லா வச்ச வீடு. பூட்டிப் போட்டா கறையான் திண்டுரும். அவரும் இங்கதான் கிடக்கிறார், மையவாடியில. நான் எங்க வாற?"

"நான் போனா நீங்க ஆரோட கதைப்பீங்க?"

அவர் எழும்பி, மெலிந்த கையால் சட்டியில் இருந்த மீன் தலையை எடுத்து என் சோற்றுக் கோப்பையில் வைத்தார். இதுவரை அதை மூடிதான் எனக்குக் கொடுத்திருக்கிறது, அவர் கை கொடுத்ததில்லை.

"அவுஸ்திரேலியாவுக்கு எடுத்துக் கதைப்பன்" என்றார். "எங்கட கதைக்கு அந்த வழி தெரியும்தானே மகன். சாப்பிடுங்க, ஆறுது. உப்புக் காணுமா?"

உப்பு அளவாக இருந்தது. நேரே முன்னால் இருந்துதான் கேட்டார். காணும் மாமி என்று நானும் நேரே பார்த்துச் சொன்னேன்.